சேமிப்புப் புள்ளி (தரவுத்தளம்)

சேமிப்புப் புள்ளி என்பது தொடர்புசார் தரவுத்தளத்தில், ஒரு பரிமாற்றத்தின் இடையே பெயரிட்டு வைக்கப்படும் அடையாளம் ஆகும். பிழை நேரும்போது பரிமாற்றம் முழுவதையும் கைவிடாமல், அப்புள்ளிக்குப் பின் செய்யப்பட்ட மாற்றங்களை மட்டும் நீக்க இது உதவுகிறது. எசுகியூஎல்:1999 சீர்தரம் இதனை வரையறுத்தது.

பயன்பாடு

போசுட்கிரெசு தரவுத்தளத்தில் 2005 இல் வெளியான 8.0 பதிப்பு முதல் இவ்வசதி உள்ளது. அதில் பரிமாற்றத்தின் ஒரு கட்டளை பிழையானால், அடுத்து வரும் கட்டளைகளும் மறுக்கப்படும். பல பதிவுகளை ஒரே பரிமாற்றத்தில் உள்ளிடும்போது, ஒவ்வொரு பதிவுக்கும் முன் ஒரு புள்ளி இட்டால், பிழையான பதிவை மட்டும் விலக்கிவிட்டுத் தொடரலாம்.

உள்ளமை பரிமாற்றங்கள்

சாங்கோ போன்ற மென்பொருட் சட்டகங்கள் உள்ளமை பரிமாற்றங்களைச் சேமிப்புப் புள்ளிகளைக் கொண்டே அமைக்கின்றன. எனினும், புள்ளியை விடுவிப்பது மாற்றங்களை நிலைப்படுத்துவது ஆகாது. வெளிப் பரிமாற்றம் கைவிடப்பட்டால் உள்ளே செய்தவை யாவும் நீங்கிவிடும்.