அப்டேட் பண்ணியாச்சு... இனி பழையபடி ஆக்க முடியுமா? லினக்ஸில் ‘அன்டூ’ ஏன் இவ்வளவு கஷ்டம்?

திங்கள்கிழமை காலை கிளையன்ட்டுக்கு டெமோ. ஞாயிறு இரவு லேப்டாப்பில் அப்டேட் வந்திருப்பதைப் பார்த்து ஓகே கொடுத்துவிட்டீர்கள். ரீஸ்டார்ட் செய்தால் வைஃபை வேலை செய்யவில்லை. ‘நேத்து இருந்த மாதிரி ஆக்கிடு, அது போதும்’ என்று மனசு கெஞ்சும். ஆனால் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் அது ஒரே கிளிக்கில் நடக்கிற காரியம் இல்லை. ஏன்?

ஒன்றைத் தொட்டால் பத்து வரும்

லினக்ஸில் மென்பொருள்கள் ‘பேக்கேஜ்’களாக வருகின்றன. பல பேக்கேஜ்கள் ஒரே லைப்ரரியைப் பகிர்ந்துகொள்ளும். அந்த லைப்ரரியை மட்டும் பழைய பதிப்புக்கு இறக்கினால், புதிய பதிப்பை நம்பி வந்த மற்றவை அடம்பிடிக்கும். பாதி மட்டும் அப்டேட் ஆன கணினியை ஆதரிக்க மாட்டோம் என்று ஆர்ச் லினக்ஸ் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது.

பழசு எங்கே கிடைக்கும்?

ஃபெடோராவில் ‘டிஎன்எஃப் ஹிஸ்டரி அன்டூ’ என்று ஒரு கட்டளையே உண்டு. ஆனால் அதன் அப்டேட் களஞ்சியத்தில் ஒரு பேக்கேஜின் கடைசிப் பதிப்புதான் பொதுவாக இருக்கும். நேற்றுவரை நீங்கள் பயன்படுத்திய பதிப்பு அங்கே இல்லாமல் போகலாம். கட்டளை இருக்கும், சரக்கு இருக்காது!

டேட்டா திரும்பி வராது

புரோகிராமைப் பழசாக்கிவிடலாம். அது மாற்றி எழுதிவிட்ட டேட்டாவை என்ன செய்வது? மைஎஸ்க்யூஎல் 8.0-க்குப் போன டேட்டாபேஸை 5.7-க்கு இறக்க அதிகாரபூர்வ வழி இல்லை. அப்டேட்டுக்கு முன்பு எடுத்த பேக்கப் இருந்தால்தான் தப்பிக்கலாம்.

டெபியனுக்கே இந்த நிலைமை

2024 மார்ச் 29. எஸ்எஸ்ஹெச் லாகின் சுமார் அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், ‘எக்ஸ்இசட்’ என்ற கம்ப்ரஷன் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியப் பின்வாசல் இருப்பதை வெளிப்படுத்தினார். டெபியனின் சோதனைப் பதிப்புகளில் அது ஏற்கெனவே நுழைந்திருந்தது. உடனே பழைய 5.4.5-க்குத் திரும்ப வேண்டும்.

அங்கேதான் சிக்கல். அப்டேட் என்றால் பதிப்பு எண் கூட வேண்டும். குறைந்த எண்ணுக்கு அது தானாக இறங்காது. அதனால் டெபியன் அந்தப் பழைய மென்பொருளுக்கு ‘5.6.1+ரியலி5.4.5’ என்று எண் கொடுத்து, புது அப்டேட்டாகவே அனுப்பியது. பழைய சரக்கு, புது லேபிள்!

நாம் என்ன செய்யலாம்?

* அப்டேட்டுக்கு முன்பு ஸ்னாப்ஷாட் எடுங்கள். லினக்ஸ் மின்ட்டில் ‘டைம்ஷிஃப்ட்’ கூடவே வருகிறது. ஓப்பன்சூசேயில் பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் இருந்தால் ‘ஸ்னாப்பர்’ தானாகவே எடுத்துவைக்கும்.

* சிஸ்டம் ஸ்னாப்ஷாட்டில் உங்கள் சொந்த ஃபைல்கள் பொதுவாகச் சேராது. அவற்றுக்குத் தனி பேக்கப் வேண்டும்.

* அப்டேட்டுக்குப் பிறகு வைஃபையோ திரையோ மக்கர் செய்தால், பதறாமல் பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். உபுன்டு முந்தைய கெர்னலை உடனே அழித்துவிடுவதில்லை.

* எது மாறியது என்று தெரியவில்லையா? உபுன்டு, டெபியனில் ஏபிடி-யின் ஹிஸ்டரி லாகில் பழைய எண், புதிய எண் இரண்டும் பதிவாகியிருக்கும்.

* பழைய பதிப்பை நிறுவிய பிறகு, ‘ஏபிடி-மார்க் ஹோல்டு’ மூலம் அதை நிறுத்திவைக்கலாம். ஆனால் அதற்கான பாதுகாப்பு அப்டேட்டுகளும் சேர்ந்தே நிற்கும். பிரச்சினை தீர்ந்ததும் ஹோல்டை எடுக்க மறக்காதீர்கள்.

அதற்காக அப்டேட்டே வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது. பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடுவது அதில்தான். டெமோ முடிந்த பிறகு, ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டுச் செய்யுங்கள். லினக்ஸில் அன்டூ பட்டன் உண்டுதான். அதை அப்டேட்டுக்கு முன்பே அழுத்தி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.