கோழித் தோல் மொறுமொறுன்னு இல்லையாம்! பிரதமரையே பேச வைத்த மலாய்க் கறி

பிரிட்டன் டெலிவிஷனில் 'மாஸ்டர் செஃப்' என்று ஒரு சமையல் போட்டி. 2018-ல் அதில் மலேசியாவில் பிறந்த ஒரு பெண்மணி நாசி லெமாக் சோறும் கோழி ரெண்டாங் கறியும் சமைத்து வைத்தார். நடுவர் ருசி பார்த்தார். "தோல் மொறுமொறுப்பாக இல்லை" என்று உதட்டைப் பிதுக்கினார். அம்மணி போட்டியிலிருந்து அவுட்!

மலேசியா கொதித்துப் போனது. ரெண்டாங்கை எவன் மொறுமொறுன்னு சாப்பிடுவான் என்கிற பாணியில் அப்போதைய பிரதமர் நஜீப்பே கேட்டார். அவரை எதிர்த்து நின்ற மகாதீரோ, நடுவர் கே.எப்.சி. கோழியோடு குழப்பிக்கொண்டார் போலும் என்று கிண்டலடித்தார். இருவரும் மே 9-ந் தேதி தேர்தலில் மல்லுக்கு நின்றவர்கள். கறி விஷயத்தில் மட்டும் ஒரே கட்சி!

அப்படி என்னதான் அந்தக் கறியில்?

ரெண்டாங் வறுவல் அல்ல, குழம்பும் அல்ல. காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, பேரரத்தை, எலுமிச்சைப்புல் ஆகியவற்றை அரைத்து எண்ணெயில் வதக்குவார்கள். கறியைப் போட்டு, கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றி, சின்னத் தீயில் மணிக்கணக்கில் விடுவார்கள். பால் சுண்டி, எண்ணெய் பிரிந்து, மசாலா கறியோடு ஒட்டிக்கொள்ளும். வறுத்து இடித்த தேங்காயைக் கடைசியில் சேர்ப்பதும் உண்டு. பாலிலேயே வெந்த தோல் எப்படி மொறுமொறுக்கும்?

சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களின் பண்டம் இது. தண்ணீர்ப்பசை வற்றிவிடுவதால் சட்டென்று கெடாது. தூர தேசம் போகிறவர்களுக்குக் கட்டுச்சோற்றுக் கறி.

நாசி லெமாக் என்பது நம்ம தேங்காய்ப்பால் சோறுதான். 'நாசி' என்றால் சோறு, 'லெமாக்' என்றால் கொழுப்பு. பக்கத்தில் வறுத்த நெத்திலி, வேர்க்கடலை, வெள்ளரித் துண்டு, முட்டை, சுள்ளென்ற சம்பால். வாழை இலையில் பொட்டலம் கட்டி விடியற்காலையிலேயே விற்பார்கள். மலேசியாவின் காலை உணவுப் பழக்கத்தை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் நாசி லெமாக்கோடு ரொட்டி சானாயும் இழுத்து ஆற்றும் டீயும் உண்டு. ரொட்டி சானாய் வேறொன்றுமில்லை, நம்ம பரோட்டாவின் தம்பி! 'சானாய்' என்பது 'சென்னை'யிலிருந்து வந்ததென்று ஒரு கட்சி. மாவை விரிப்பதற்கான மலாய்ச் சொல் என்று இன்னொரு கட்சி. வழக்கு இன்னும் தீரவில்லை!

சரக்கு எங்கே கிடைக்கும்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாசிகள் பிளேன் ஏற வேண்டியதில்லை. முக்கால்வாசிச் சாமான் மார்க்கெட்டிலேயே இருக்கிறது.

மலாய்ச் சமையலின் உயிர்நாடி 'பிளாச்சான்'. பொடி இறாலை உப்பிட்டு, புளிக்க வைத்து, இடித்துக் கட்டியாக்கியது. அடுப்பில் சுட்டால் தெருவே மூக்கைப் பிடிக்கும். சம்பாலில் கலந்துவிட்டால் அதே தெரு கையை நக்கும்! அது கிடைக்காவிட்டால் கருவாட்டுக் கடையில் சென்னாக்குனி வாங்கி, மண் போக அலசி, காயவைத்து, வறுத்துப் பொடித்துப் போடலாம். புளித்த வாடை இருக்காது. ருசி கிட்டத்தட்ட வந்துவிடும். நெத்திலியும் அதே கடையில்.

பேரரத்தைக்கு நாட்டு மருந்துக் கடை. பெயரைச் சரியாகச் சொல்லிக் கேட்க வேண்டும். இருமலுக்குத் தரும் சித்தரத்தை வேறு. காய்ந்த பேரரத்தை கல் மாதிரி இருக்கும். ஊறவைத்து, கொஞ்சமாகச் சேர்த்தால் போதும். சோற்றுக்கு மணம் தரும் பாண்டான் இலையை இலங்கைத் தமிழர்கள் 'ரம்பை' என்பார்கள். அதையும் எலுமிச்சைப்புல்லையும் நர்சரியில் கேட்டுப் பார்க்கலாம். தொட்டியிலேயே வளரும்.

பச்சரிசி ஒரு ஆழாக்குக்கு, தேங்காய்ப்பாலும் தண்ணீரும் பாதிப் பாதியாக இரண்டு ஆழாக்கு. ரம்பை இலை ஒன்றை முடிச்சுப் போட்டு, ஒரு துண்டு இஞ்சி, உப்புச் சேர்த்து வேகவிட்டால் நாசி லெமாக் ரெடி.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மலாய்க் கடையில் வெறும் வள்ளைக்கீரைப் பொரியல்தானே என்று ஏமாந்துவிடக் கூடாது. அதிலும் பிளாச்சான் ஒளிந்திருக்கும். கேட்டுவிட்டுக் கை வைப்பது நல்லது.

அசல் ருசி வேண்டுமா?

சென்னையிலிருந்து கோலாலம்பூர் விமானத்தில் ஏறக்குறைய 4 மணி நேரம். அங்கே கம்போங் பாரு என்ற மலாய்க்காரர் பேட்டையில் நாசி லெமாக், பக்கத்து ஊரான காஜாங்கில் சாத்தே என்கிற கம்பிக்கறி, சிங்கப்பூர் என்றால் கேலாங் சிராய் மார்க்கெட். பினாங்கில் நாசி கண்டார். அதைத் தொடங்கி வைத்தவர்கள் தமிழ் முஸ்லிம்கள். 'கண்டார்' என்றால் தோளில் சுமக்கும் காவடிக்கம்பு. சோற்றுப் பானையும் கறிப் பானையும் இரண்டு பக்கமும் தொங்க, தெருத்தெருவாக விற்ற சோறு. அந்தக் கடைகளுக்கு 'மாமாக்' கடை என்று பெயர் வந்ததே நம்ம 'மாமா'விலிருந்துதான். நம்ம 'கடை'தான் அங்கே 'கெடாய்'.

அவ்வளவு தூரம் முடியாதவர்கள் ஆவடியிலிருந்து பீச் ரயில் ஏறலாம். 1969-ல் தொடங்கிய பர்மா பஜார் பக்கம், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும் கிடைக்கும். அது மலாய் அல்ல, பர்மியப் பண்டம். ஆனால் புளி, மிளகாய், வறுத்த வெங்காயம் என்று தூரத்துச் சொந்தம் தெரியும்.

சோற்றின் பேரால் மோசடி!

இந்த ருசிக் கதைக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. மாமாக் கடைகளுக்குப் பரோட்டா மாஸ்டரும் சப்ளையரும் தேவைப்படுகிறார்கள். அதை வைத்தே தமிழ்நாட்டுப் பையன்களுக்கு வலை விரிக்கிறார்கள் போலி ஏஜெண்டுகள். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாமலே மலேசியா போகலாம் என்றானது இவர்களுக்கு வசதியாகிவிட்டது. "விசாவே வேண்டாம் தம்பி, போய் இறங்கு, அங்கே பார்த்துக்கலாம்" என்பது இவர்களின் மந்திரம். அந்தச் சலுகை சுற்றிப் பார்க்க மட்டும்தான். அதில் போய் வேலை செய்து பிடிபட்டால் ஜெயில், அபராதம், நாடு கடத்தல். பாஸ்போர்ட் முதலாளி பெட்டியில் இருந்தால் திரும்பி வருவதும் திண்டாட்டம்.

வெளிநாட்டுக்கு ஆள் எடுக்க ஏஜெண்டுக்கு மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டும் என்கிறது 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம். கூலியாக ரூ.30,000-மும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், அதற்கு ரசீதும் தரவேண்டும். பத்தாவது தேறாதவர்கள் மலேசியாவுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதியும் தேவை. வேலை பெர்மிட்டைக் கண்ணால் பார்க்காமல் கம்மலை அடகு வைக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் 1800 11 3090 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். தமிழக அரசே 1978-ல் தொடங்கிய வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது.

ரெண்டாங் வேகவே பல மணி நேரம் பிடிக்கும். ஏஜெண்டின் லைசென்ஸைச் சரிபார்க்கப் பத்து நிமிஷம் போதும். அந்தப் பத்து நிமிஷத்தைச் செலவழிக்காமல் போனவன்தான் நாசி லெமாக் தட்டைக் கழுவிவிட்டுப் பட்டினியாகப் படுக்கிறான்!