பிறர் உள்ளம் கண்ணுக்குப் புலனாகுமா?

பள்ளிக்கூடம் விட்டு வந்த சிறுவன் புத்தகங்களை மேசைமீது வைக்கின்றான். “என்ன தம்பி, ஏதும் நடந்ததோ?” என்று தாய் வினவுகின்றாள். “ஒன்றுமில்லை அம்மா” என்கின்றான் அவன். தாயோ அதனை நம்பினாளில்லை. அவன் மறைத்ததை அவள் அறிந்தது எங்ஙனம்?

பிறருள்ளம் ஒரு பூட்டிய பெட்டி. நாம் காண்பது உடலின் அசைவை மாத்திரமே. நமது சொந்த அநுபவத்தைக் கொண்டு அதனுள் இருப்பதை ஊகிக்கின்றோம் என்பர் ஒரு சாரார். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் ஸ்டூவட் மில் இவ்வாறே வாதித்தார்.

இதற்கு வேறொரு விடை தருவது சூழலியல் உளவியல். அதனை நிறுவியவர் அமெரிக்காவிலே கோர்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியராய் விளங்கிய ஜேம்ஸ் கிப்சன் (1904-1979). இரண்டாம் உலகப் போரின்போது விமானிகளின் பார்வையை ஆராய்ந்தவர் அவர். விமானம் இறங்கும்போது தரை கண்முன்னே விரிந்தோடும் விதமே, தான் செல்லும் திசையை விமானிக்குக் காட்டிவிடுகிறது. கண் வெறும் நிழற்படக் கருவியன்று. உயிர்கள் அசைந்தும் திரும்பியும் பார்த்தே அறிகின்றன. அறிதற்கு வேண்டிய செய்தி சூழலிலிருந்து வரும் ஒளியிலேயே அமைந்துளது என்பது அவர் முடிபு.

தரைக்குப் பொருந்தும் இவ்வுண்மை மனிதருக்கும் பொருந்துமா? சுவீடன் தேசத்து உப்சாலாப் பல்கலைக்கழகத்திலே நிகழ்ந்த சோதனைகள் இதற்கு விடை பகர்கின்றன. குன்னர் ஜொஹான்சன் என்பார் ஒருவருடைய மூட்டுக்களிலே சிறு ஒளிப்புள்ளிகளைப் பொருத்தி, அப்புள்ளிகள் மாத்திரம் தெரியுமாறு இருளிலே படம் பிடித்தார். அசையாதபோது அவை சிதறிய விண்மீன்கள் போலவே தோன்றின. அசைந்த கணமே, “மனிதன் நடக்கின்றான்” என்றனர் கண்டோர். இவ்வாராய்ச்சி 1973இல் வெளியாயிற்று.

அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்வெர்க்கர் ரூனசன், குனில்லா ஃப்ரிக்ஹோல்ம் என்னும் இருவர் இம்முறையை மேலும் வளர்த்தனர். ஒருவர் பெட்டியைத் தூக்கும் அசைவைப் புள்ளிகளாற் கண்டோர், பெட்டியின் பாரத்தைப் பெரும்பாலும் சரியாக மதிப்பிட்டனர் என்று 1981இல் அவர்கள் அறிவித்தார்கள். 1983இல் வெளிவந்த ஆய்வோ இன்னும் வியப்புக்குரியது. இலேசான பெட்டியைப் பாரமானதுபோல் தூக்கி நடிக்குமாறு சிலரை ஏவினர். பார்த்தோர் உண்மைப் பாரத்தையும் உணர்ந்தனர். நடித்தவர் காட்ட முயன்ற பொய்ப் பாரத்தையும் உணர்ந்தனர். ஏமாற்றும் எண்ணமே கண்ணுக்குப் புலனாயிற்று!

காரணம் யாது? பாரமான பொருளைத் தூக்குபவன் விழாதிருக்க வேண்டுமாயின், முதுகு, இடுப்பு, முழங்கால் யாவும் அப்பாரத்துக்கு ஏற்ப இயங்கவேண்டும். கையின் வேகத்தை நடிப்பினால் மாற்றலாம். உடலின் சமநிலையை ஆளும் இயற்கை விதிகளை மாற்றல் இயலாது.

ஆயினும், உள்ளம் முழுவதும் இவ்வாறு வெளிப்படும் என்று நாம் துணிதல் தகாது. பெட்டியின் பாரம் வேறு, நெஞ்சின் பாரம் வேறு. ஒருவன் செய்யும் செயலின் நோக்கம் அசைவிலே தெரியலாம். அவனுடைய கடந்தகால நினைவுகளும் நம்பிக்கைகளும் ஒரு பார்வைக்கு எட்டுவனவல்ல. ஒரு நிழற்படத்தையோ ஒரு கண நேரத்து முகத்தையோ கண்டு, “இவன் இன்ன குணத்தினன்” எனத் தீர்ப்புக் கூறுவோர் எத்துணை பேர்! அசைவையும் காலத்தையும் விலக்கிய பார்வை அரைப் பார்வையே.

திருக்குறளிலே ‘குறிப்பறிதல்’ என்ற பெயரால் இரண்டு அதிகாரங்கள் உள. குறிப்பை அறிதல் பழகிப் பெறவேண்டிய ஒரு திறன் என்பதை நம் முன்னோரும் உணர்ந்திருந்தனர் போலும்.

அந்தத் தாய் மகனை நாள்தோறும் கண்டவள். புத்தகங்களை அவன் வழக்கமாக வைக்கும் விதத்தையும் இன்று வைத்த விதத்தையும் அவள் கண்கள் அறியும். எனினும், துயர் உண்டென்பதையே அவள் கண்டாள். அது யாதென்பதை அவனே சொல்லவேண்டும். ஆகவே அவள் அருகில் அமர்ந்து மீண்டும் வினவுகின்றாள். நாமும் நம் வீட்டாரை நின்று நோக்குவோம். நோக்கியபின் அன்புடன் கேட்போம்.