குஞ்சு இறக்கும் முன் வீடுகளை எண்ணுங்கள்

ஆவணி முதல் வாரம் 500 கறிக்கோழிக் குஞ்சு இறக்கினால், 42 நாளில் புரட்டாசி இரண்டாம் வாரம் வந்துவிடும். கோழி 2 கிலோ எடையில் தயாராக நிற்கும், வாங்க ஆள் இருக்காது. நிறுத்தி வைத்தால் ஒரு கோழி நாளுக்கு 150 கிராமுக்குக் குறையாமல் தீவனம் தின்னும். பத்து நாளில் 750 கிலோ! அதே குஞ்சை ஆவணிக் கடைசியில் இறக்கியிருந்தால் ஐப்பசியில், தீபாவளியை ஒட்டி விற்றிருக்கும்.

ஆனால் புரட்டாசி எல்லா ஊருக்கும் ஒன்றல்ல. பெருமாளுக்கு விரதம் இருக்கும் குடும்பங்கள் நிறைந்த ஊரில் கறிக்கடை காற்றாடும். கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்கள் கலந்து வாழும் ஊரில் அவ்வளவு சரிவு தெரியாது. அங்கே தவக்காலத்தையும் ரம்ஜானையும் கணக்கில் வைக்க வேண்டும். கார்த்திகையில் ஒருவர் மாலை போட்டாலே அந்த வீட்டு அடுப்பில் மொத்தமாகக் கறி ஏறாது.

கூலி கைக்கு வரும் நாளும் முக்கியம். திருப்பூர் போல சனிக்கிழமை வாரக்கூலி கிடைக்கும் ஊர்களில் வியாபாரமே ஞாயிறு காலைதான். மாதச் சம்பளக்காரர்கள் அதிகமுள்ள ஊரில் முதல் இரண்டு ஞாயிறு நன்றாக ஓடும், கடைசி ஞாயிறு மந்தம்.

ஒப்பந்தப் பண்ணையில் குஞ்சு இறக்கும் நாளை நிறுவனமே முடிவு செய்யும். ஆகவே இந்தக் கணக்கு சொந்தமாக வளர்ப்பவர்களுக்கு, அதிலும் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்குத்தான் அதிகம் உதவும். சிறுவிடை விற்பனைக்கு வர ஐந்து மாதம் ஆகலாம். தீபாவளிக்கு விற்க வைகாசியிலேயே குஞ்சு கூண்டில் இருக்க வேண்டும்.

எடையிலும் பலர் ஏமாறுகிறார்கள். மூன்று பேர் உள்ள வீட்டுக்கு ஒன்றேகால் கிலோ கோழி போதும். சுத்தம் செய்தால் முக்கால் கிலோவுக்கு மேல் கறி தேறும். 2 கிலோ சேவலைப் பெருமையாக வளர்த்து வைத்தால் விருந்து, கிடாவெட்டு என்று யாராவது தேடி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் நகர வீட்டில் கோழியை அறுத்து, மயிர் பிடுங்க யாருக்கு நேரம்? மஞ்சள் தடவி, தோலோடு வாட்டி, துண்டு போட்டுக் கொடுத்தால் வாங்குவார்கள். உயிர்க்கோழியாகக் கிராமத்துச் சந்தையில் விற்கலாம்.

உங்கள் கடைக்கு வரும் ஐம்பது வீடுகளை ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை பேர், எந்த நாளில் கறி எடுக்கிறார்கள், எந்த மாதம் நிறுத்துகிறார்கள், அரைக் கிலோவா முழுக்கோழியா. ஒரு வருடம் எழுதினால் அடுத்த வருடம் எந்த வாரம் எத்தனை குஞ்சு என்பது அதிலேயே கிடைத்துவிடும்.