நண்டும் அதன் ஓடும்



"நண்டு கொழுத்தால் வளையில் தங்காது" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. செருக்குற்றோரைச் சுட்டுவதற்கு அது பொருத்தமானதே. ஆயின், வளருங் காலத்து நண்டு நடந்துகொள்ளும் முறை இதற்கு நேர்மாறானது.

திருகோணமலைக்கு வடக்கேயுள்ள நிலாவெளிக் கடற்கரையில் பொழுது சாய்ந்தபின், மணல்நிறச் சிறு நண்டுகள் வளைகளினின்று வெளிப்படும். ஆளரவம் கண்டதும் கணத்தில் மறையும். பண்டைப் புலவர்கள் நண்டினை அலவன் என்றனர். நெய்தல் நில மகளிர் அதனை ஓட்டி விளையாடுவதையும் பாடினர்.

நண்டுக்குக் கால்கள் பத்து. முன்னிரண்டும் இடுக்கிகள். ஏனைய கால்களின் மூட்டுகள் பக்கவாட்டில் மடங்குவதால் பெரும்பாலான நண்டுகள் பக்கமாகவே விரைகின்றன. காம்புகளின்மேல் அமைந்த கண்கள் சுற்றுப்புறத்தை நோக்குகின்றன. சுவாசிப்பது செவுள்களால், ஆதலின் கரையில் உலவும் நண்டும் அவற்றை ஈரமாக வைத்திருத்தல் வேண்டும்.

உடலைக் காக்கும் ஓடு உடலோடு வளர்வதில்லை. எனவே, பழைய ஓட்டின் அடியில் மெல்லிய புதிய ஓடு உருவானதும், நண்டு பழையதைக் கழற்றிவிட்டு வெளிவருகின்றது. நீரை உறிஞ்சி உடலைப் பருக்கச் செய்கின்றது. இழந்த கால் மீண்டும் முளைப்பதும் இவ்வாறு ஓடு மாறும்போதுதான். புதிய ஓடு இறுகும்வரை அதனால் போரிடவும் இயலாது, விரைந்தோடவும் இயலாது. ஆகவே வளர்ந்த நண்டே வளையிலோ மணலிலோ பாறையிடுக்கிலோ ஒடுங்கிக் கிடக்கின்றது.

நம் மீனவர் வலையில் அகப்படும் நீலக்கால் நண்டில், பெண் இணைசேர்வது இந்த மென்மைப் பருவத்திலேயே. அப்போது ஆண் அதனைத் தன் கால்களால் அணைத்துக் காவல் புரிகின்றது. பின்னர் பெண் இலட்சக்கணக்கான முட்டைகளைத் தன் வயிற்று மடலின்கீழ்ச் சுமக்கின்றது. முதலில் மஞ்சள் நிறமாயிருக்கும் முட்டைகள் பொரிக்கும் காலம் நெருங்க நெருங்கக் கருமையுறும். வெளிவரும் நுண்ணிய குஞ்சுகள் கடலில் மிதந்து திரிகையில் மீன்களுக்கு இரையாகின்றன. மிகச் சிலவே நண்டாகின்றன.

நண்டின் வயிற்றுப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். மடல் குறுகியிருப்பின் ஆண், அகன்றிருப்பின் பெண். அதன்கீழ் முட்டைத்திரள் காணப்படின், அந்நண்டினை உயிரோடு கடலில் விடுதலே அறிவுடைமை. ஒரு நண்டை விடுகின்றவர், நாளைய கடலின் விளைச்சலுக்கு வித்திடுகின்றார். கடலை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இது இரக்கம் மட்டுமன்று, பிழைப்புக்கான காப்புமாகும்.