புரியாதது பாடமா, மொழியா?

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தார் அந்த மாணவி. எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு. எங்கள் காலனியிலிருந்து போன முதல் மருத்துவ மாணவி. தெருவே அவரை 'டாக்டரம்மா' என்று கூப்பிடுகிறது. என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "இம்யூனாலஜி இன்டர்னல்ல ஃபெயில்ணே. வீட்ல இன்னும் சொல்லல."

நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய இந்தப் பாடம், இரண்டாம் ஆண்டு நுண்ணுயிரியலில் வருகிறது. முதலாண்டு உடற்கூறியலில் எலும்பைக் கையில் எடுத்துத் தடவிப் படிக்கலாம். இதில் தொட்டுப் பார்க்க எதுவும் இல்லை. சி.டி.4, சி.டி.8, இன்டர்லூக்கின் 1, 2, 4 என்று எண்களும் எழுத்துகளுமாக நீளும். யாராக இருந்தாலும் திணறத்தான் செய்வார்கள். ஆனால் திணறலிலிருந்து மீளும் வழி எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. ஒருவருக்கு வீட்டிலேயே டாக்டர் அப்பா. இன்னொருவருக்குப் பணம் கட்டிப் பார்க்கும் வீடியோ வகுப்பு. இவருக்கு, நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா.

அரசுப் பள்ளியில் 'எதிர்ப்பொருள்' என்று தமிழில் படித்துத் தேறியவர். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுச் சட்டம் 2020இல் வந்ததால்தான் இவருக்கு இடம் கிடைத்தது. வகுப்பில் ஆங்கிலம் வேகமாக ஓடுகிறது. ஒருமுறை எழுந்து சந்தேகம் கேட்டார். பின்வரிசையில் சிரிப்பு. விடுதிக்கு வந்தபின், "உன் நீட் மார்க் எவ்வளவு?" என்று ஒரு கேள்வி. அது மார்க்கைக் கேட்கும் கேள்வி அல்ல, சாதியைக் கேட்கும் கேள்வி. அடுத்த வாரம் 'ஸ்லோ லேர்னர்ஸ்' பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. அதன்பிறகு அவர் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

இது ஒரு கல்லூரியின் கதை மட்டுமல்ல. டெல்லி எய்ம்ஸில் நிலவிய சாதிப் பாகுபாட்டை ஆராய்ந்த தோரட் குழு 2007இல் அறிக்கை தந்தது. ஆசிரியர்களின் ஆதரவு போதவில்லை என்று பட்டியலின, பழங்குடி மாணவர்கள் அதில் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்கள்.

கடைசியில் இவருக்குக் கைகொடுத்தவர், சேரியிலிருந்தே வந்த ஒரு சீனியர் அக்கா. தடுப்பூசியை ஏன் இரண்டாம் தவணை போடுகிறோம், நினைவு செல் என்றால் என்ன என்று அவர் இப்படி விளக்கினாராம்: "குழுக்கடன் வசூலிக்க வர்ற ஆளு மொத தடவை வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டான். இப்ப பைக் சத்தம் தெருமுனையில கேட்டாலே உங்கம்மா உஷாராயிடறாங்கல்ல? அதான் மெமரி செல்." அரை மணி நேரத்தில் பாடம் புரிந்துவிட்டது. அப்படியானால் புரியாமல் இருந்தது பாடமா, மொழியா?

இந்த அறிவியலின் தொடக்கமே உழைக்கும் மக்களிடம் இருக்கிறது. மாட்டம்மை கண்டவருக்குப் பெரியம்மை வராது என்பது இங்கிலாந்தின் பால் கறக்கும் பெண்கள் அறிந்த செய்தி. 1796இல் எட்வர்டு ஜென்னர், அப்படி ஒரு பெண்ணின் கைக்கொப்புளத்திலிருந்து எடுத்த நீரைத்தான் ஒரு சிறுவனுக்குச் செலுத்திச் சோதித்தார். மாடு மேய்த்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் எப்படி அந்நியமாகும்?

தமிழில் மருத்துவம் சொல்லித்தர முடியாது என்பதும் பொய். யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார், நூல்களும் வெளியிட்டார்.

ஆங்கிலத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. அதை எட்டிப்பிடிக்க ஏணி கேட்கிறோம். முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் தமிழ் விளக்கத்தோடு கலைச்சொல் கையேடு வேண்டும். மாலையில், பெயர்ப்பட்டியல் ஒட்டாத, யாரும் வந்து உட்காரக்கூடிய வகுப்பு வேண்டும். பட்டியலின மாணவர்களுக்கான குறைதீர் பிரிவு, பெயர்ப்பலகையோடு நின்றுவிடாமல் இயங்க வேண்டும். சீட்டு கொடுத்ததோடு அரசின் கடமை முடிந்துவிடாது.

ஊருக்குப் புறப்படும் முன் அந்தப் பெண் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். "அதுக்கென்ன, திரும்ப எழுது" என்றாராம் அம்மா. எழுதப் போகிறார்.