பூனை இல்லாத வீட்டில் பூனை மண் எதற்கு?



பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போய் வரும் அம்மாக்கள் இப்போது தெருவுக்கு நாலு பேர் இருக்கிறோம். ஊறுகாய் எத்தனை கிலோ, சாம்பார் பொடியை எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனால், பனிக்காலத்தில் அங்கே காரில் நெடுந்தூரம் கிளம்பினால் எதை எங்கே வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. அதனால் என் வீட்டுக்காரருக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் மகள் கனடாவில் டொரன்டோவுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். நானும் அவரும் அக்டோபரில் போனோம். அவருக்குப் பதினெட்டு வருஷமாகச் சர்க்கரை. காலையும் ராத்திரியும் இன்சுலின் ஊசி. ஜனவரியில், ஆட்டவாவில் இருக்கும் என் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு வந்தது. சுமார் 450 கிலோமீட்டர். நல்ல நாள் என்றால் ஐந்து மணி நேரத்தில் போய்விடலாமாம்.

முதல் நாள் ராத்திரி மகளும் மாப்பிள்ளையும் டிக்கியில் சாமான் அடுக்கினார்கள். பனி அள்ளுகிற சின்ன மண்வெட்டி, கண்ணாடியில் படிந்த ஐஸைச் சுரண்டுகிற கட்டை, பேட்டரி செத்தால் அடுத்த வண்டியிலிருந்து கரன்ட் எடுக்கிற ஒயர், இழுவைக் கயிறு, கண்ணாடி கழுவுகிற நீல மருந்துத் தண்ணீர், கையால் சுற்றினால் எரிகிற டார்ச், விசில்... போய்க்கொண்டே இருந்தது. கடைசியாக ஒரு மூட்டை வந்தது. அதில் பூனைப் படம்! வீட்டில் பூனையே கிடையாது. கேட்டால், பூனை வெளிக்குப் போவதற்குப் போடுகிற மண்ணாம்.

"ஏட்டி, நாம வளைகாப்புக்குப் போறோமா, இமயமலை ஏறப் போறோமா?" என்றேன்.

"சக்கரம் ஐஸ்ல மாட்டிச் சுத்துச்சுன்னா, இதைச் சக்கரத்துக்கு முன்னால தூவினா பிடிப்புக் கிடைக்கும்மா. தண்ணி பட்டாக் கட்டியாகாத ரகம்தான் இதுக்கு ஆகும்" என்றாள். சொன்னதோடு நிறுத்தினாளா? நான் ஆசையாக எடுத்து வைத்திருந்த எவர்சில்வர் தூக்கில் ஒன்றைக் குறைக்கச் சொன்னாள். இடமில்லையாம். பூனை மண்ணுக்கு இடமிருக்கிறது, புளியோதரைக்கு இல்லை! எனக்கு முகம் சுருங்கிப் போய்விட்டது.

மாப்பிள்ளைதான் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். "அத்தை, 2010 டிசம்பர்ல இங்கே சார்னியா ஊர் பக்கம் 402 நெடுஞ்சாலையில பனிப்புயல்ல முந்நூறு பேருக்கு மேல வண்டியோட மாட்டிக்கிட்டாங்க. ராணுவ ஹெலிகாப்டர் வந்துதான் காப்பாத்துச்சு. 2022 கிறிஸ்துமஸ் சமயத்துல, எல்லைக்கு அந்தப் பக்கம் பஃபலோவுல வந்த புயல்ல நாற்பது பேருக்கு மேல செத்துப் போனாங்க. அதில சில பேரைக் கார்லயேதான் கண்டெடுத்தாங்க." நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை.

காலையில் கிளம்பும்போது அடுத்த சண்டை. மூன்று வயதுப் பேத்தியின் தடிக் கோட்டைக் கழற்றிவிட்டு, குழந்தை சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டாள் மகள். வெளியே மைனஸ் 18 டிகிரி! "பெத்தவளா நீ?" என்று கத்தியே விட்டேன். கோட்டோடு பெல்ட் போட்டால், இடிபடும்போது கோட்டுப் பஞ்சு அமுங்கி, பெல்ட் தொளதொளவென்று ஆகி, குழந்தை நழுவிவிடுமாம். பெல்ட்டை உடம்போடு ஒட்டப் போட்டு, கோட்டையும் போர்வையையும் மேலே போர்த்த வேண்டுமாம். அதுவும் சரிதான் என்று பிற்பாடு தோன்றியது. அந்த நேரத்தில் தோன்றவில்லை.

பத்து மணிக்குக் கிளம்பினோம். போர்ட் ஹோப் என்ற ஊர் பக்கம் பெட்ரோல் போட நிறுத்தினார் மாப்பிள்ளை. டேங்க் பாதிக்கு மேல் இருந்தது. குளிர்காலத்தில் பாதிக்குக் கீழே இறங்கவே விடக்கூடாதாம். அப்போதுதான் மகள் கேட்டாள், "அப்பா ஊசி மருந்து எங்கேம்மா?"

"டிக்கியில, பெரிய பெட்டிக்குள்ள இருக்கு. ஊர்ல ஃபிரிட்ஜ்லதானே வைக்கோம், அங்கே ஜில்லுன்னு இருக்கும்லா?" என்றேன் பெருமையாக.

அவள் முகம் மாறிவிட்டது. "அம்மா! ஃபிரிட்ஜ் குளிர் வேற, டிக்கிக் குளிர் வேற. இன்சுலின் ஒரு தடவை உறைஞ்சா அவ்வளவுதான். உருகினாலும் வேலை செய்யாது" என்று இறங்கி ஓடினாள். சேலைகளுக்கு நடுவில் இருந்ததால் பேனா ஊசி உறையாமல் தப்பியது. சர்க்கரை பார்க்கிற மெஷினையும் எடுத்து வந்தாள். மருந்தைத் தன் கோட்டின் உள்பைக்குள், உடம்புச் சூடு படுகிற மாதிரி வைத்துக்கொண்டாள். உறை பிரிக்காத இன்னொரு பேனாவை நான் தயிர் சாதப் பையில் போட்டிருந்தேன். அதைச் சொல்ல எனக்கு ஞாபகம் வரவில்லை. அது பின்னால் வருகிறது.

நபனி தாண்டியதும் பனி கொட்ட ஆரம்பித்தது. கிங்ஸ்டனுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது, முன்னால் லாரிகள் ஒன்றோடொன்று மோதி, 401 நெடுஞ்சாலை அப்படியே நின்றுவிட்டது. மணி பன்னிரண்டரை. பின்னாலும் வண்டி, முன்னாலும் வண்டி. எதிரே வெள்ளைத் திரை தொங்குகிற மாதிரி இருந்தது.

"பத்து நிமிஷத்துல நகர்ந்துடும்" என்றார் இவர். கிங்ஸ்டனில் சாப்பிடுவதாக இருந்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. மாப்பிள்ளை இன்ஜினை அணைத்துவிட்டார். ஹீட்டர் நின்றதும், கால் விரலிலிருந்து குளிர் ஏறியது பாருங்கள்... நம் ஊர் மார்கழிக் குளிரை இனி நான் குளிர் என்றே சொல்லமாட்டேன். மணிக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் இன்ஜினை ஓட விட்டார். ஒவ்வொரு தடவையும் முதலில் இறங்கிப் போய், பின்னால் புகைக் குழாயைச் சுற்றிப் பனியை மண்வெட்டியால் தள்ளிவிட்டு வந்துதான் ஓட விடுவார். ஜன்னலையும் ஒரு விரல் கடை அளவு திறந்து வைப்பார். "இந்தக் குளிர்ல ஜன்னலை ஏன் திறக்கீங்க?" என்றேன். குழாயைப் பனி அடைத்தால் விஷப்புகை வண்டிக்குள்ளேயே வந்துவிடுமாம். அதற்கு வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது, தூக்கம் வருகிற மாதிரி இருந்து ஆளையே கொண்டுபோய்விடுமாம். அந்த நீலப் பிளாஸ்டிக் பெட்டியையும், மண்வெட்டியையும் கிளம்பும்போதே பின்சீட்டுக் காலடியில் வைத்திருந்தார்கள். டிக்கியின் மூடி உறைந்து இறுகிக்கொண்டு, அன்றைக்குத் திறக்கவே இல்லை. எல்லாவற்றையும் அதற்குள் வைத்திருந்தால் எங்கள் கதி?

பெட்டிக்குள் கம்பளிப் போர்வை, ஆளுக்கு ஒரு ஜோடி கம்பளிக் காலுறை, தொப்பி, கையுறை எல்லாம் இருந்தன. டப்பாவுக்குள் நிற்க வைத்த குண்டு மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் இருந்தன. பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர், உறைந்தால் விரிந்து பாட்டில் உடையாதபடி முக்கால் பாகம்தான் நிரப்பியிருந்தாள். தாகமென்று வெளியே கிடக்கிற பனியை எடுத்துத் தின்றால் உடம்புச் சூடு இன்னும் இறங்கிவிடும் என்று சொன்னாள்.

சொல்லக் கூச்சமாக இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெண்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் தெரியும். மூடி போட்ட சின்ன வாளி ஒன்றும், தடித்த பிளாஸ்டிக் பைகளும் அவள் வைத்திருந்தாள். பையை வாளிக்குள் விரித்து, அடியில் பூனை மண்ணை ஒரு டப்பா போட்டுக்கொள்வது. போர்வையைத் திரையாகப் பிடிப்பது. அவ்வளவுதான். பூனை மண்ணைத் தனியாக ஒரு டப்பாவில் ஏன் உள்ளே வைத்திருந்தாள் என்று அப்போதுதான் புரிந்தது. இனி யார் வீட்டுப் பூனையையும் கேலி செய்யமாட்டேன்!

என் வீட்டுக்காரர் மட்டும் அந்த வாளிக்குக் கூச்சப்பட்டே, எது கொடுத்தாலும் "வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் ஊசி போட்டு, இரண்டு இட்லி சாப்பிட்டதுதான். இரண்டரை மணிக்கு, "என்ன இப்படி உட்கார்ந்திருக்கீங்க?" என்று திரும்பிப் பார்த்தேன். அந்தக் குளிரில் அவர் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை! கை நடுங்கியது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். குளிரில் நடுங்குகிறார் என்று நான் இன்னொரு போர்வையை எடுத்தேன். மகள்தான், "குளிருக்கு ஏம்மா வேர்க்குது? சர்க்கரை இறங்குது" என்றாள்.

மெஷினைப் போட்டால் ஓடவில்லை. குளிரில் அதுவும் விறைத்துப் போயிருந்தது. என் அக்குளில் வைத்துச் சூடு காட்டினேன். அதற்குள், மெஷினுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று, பெட்டியில் இருந்த சர்க்கரையை மூன்று டீஸ்பூன், பிளாஸ்க் வெந்நீரில் கலக்கிக் கொடுத்துவிட்டாள். நல்லவேளை, அவரால் விழுங்க முடிந்தது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். மெஷின் உயிர் வந்ததும் பார்த்தால் 58. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 84. அந்தக் கால் மணி நேரம்... அம்பாசமுத்திரத்தில் இருக்கிற எல்லாச் சாமிக்கும் வேண்டிக்கொண்டேன்.

ஏறிய சர்க்கரை திரும்ப இறங்காமல் இருக்க ஏதாவது சாப்பிட வேண்டும். தூக்குகள் டிக்கியில். எனக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது, கைப்பையில் வளைகாப்புப் பெண்ணுக்காகக் கொண்டுபோன பொரிவிளங்காய் உருண்டை டப்பா! கல்லாக இருந்தது. மண்வெட்டிக் காம்பால் உடைத்துத்தான் தின்றோம். வாயில் ஒதுக்கினால் சுக்கு மணத்தோடு மெதுவாகக் கரைந்தது. அவருக்கு முகம் தெளிந்தது. அந்தக் காலத்தில் காசிக்குப் போகிறவர்கள் இதைத்தான் கட்டிக்கொண்டு போனார்கள் என்று என் மாமியார் சொல்வார்.

பக்கத்து லாரி டிரைவர், பஞ்சாபிப் பையன், ஜன்னலைத் தட்டி "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று விசாரித்தான். அவனுக்கும் இரண்டு உருண்டை கொடுத்தோம். கடித்துப் பார்த்துவிட்டு, "என் அம்மா செய்கிற பின்னி மாதிரியே இருக்கு" என்று இந்தியில் சொன்னானாம். மகள்தான் எனக்குச் சொன்னாள். அவன் கொதிக்கக் கொதிக்க ஒரு பிளாஸ்க் டீ கொண்டுவந்து கொடுத்தான். 2022 ஜனவரியில் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் இப்படிச் சாலை நின்றபோது, டிம் கேன் என்ற செனட்டரே 27 மணி நேரம் காரில் கிடந்தாராம். முன்பின் தெரியாத ஒரு குடும்பம் வண்டி வண்டியாகப் போய் ஆரஞ்சுப் பழம் கொடுத்ததாம். மாப்பிள்ளை சொன்னார்.

ஆறரை மணிக்குப் போலீஸ் வந்து, ஒவ்வொரு வண்டியாகப் பக்கச் சாலையில் இறக்கிவிட்டார்கள். ராத்திரி கிங்ஸ்டனில் தங்கினோம். அங்கே வெந்நீர் ஊற்றித்தான் டிக்கியின் ஓரத்தை இளக்கித் திறந்தோம். அதுவும் வெதுவெதுப்பாகத்தான், கொதிக்கிற தண்ணீர் கண்ணாடியில் பட்டால் விரிசல் விடுமாம். தயிர் சாதம் செங்கல் மாதிரி வந்தது. அதோடு அந்தப் புது இன்சுலின் பேனாவும் வெள்ளையாக உறைந்து வந்தது. மகள் ஒரு வார்த்தை திட்டவில்லை. எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, "கோட்டுக்குள்ள இருக்கிறது போதும்மா, நாலு நாளைக்கு வரும்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் மதியம் ஆட்டவா போய்ச் சேர்ந்தோம். வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக நடந்தது. பெண்ணுக்குக் கொடுக்க மூன்று உருண்டைதான் மிச்சம்.

ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் அந்த நீலப் பெட்டிக்கென்றே ஒரு டப்பா செய்து வைத்துவிட்டு வந்தேன். புழுங்கலரிசியும் பாசிப்பருப்பும் தலைக்கு ஒரு ஆழாக்கு, பொட்டுக்கடலை அரை ஆழாக்கு. அரிசியையும் பருப்பையும் சிவக்க வறுத்து, பொட்டுக்கடலையைச் சேர்த்துத் திரித்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, ஒன்றரை ஆழாக்கு வெல்லத்தைப் பாகு வைத்துச் சூட்டோடு பிடிக்க வேண்டும். தேங்காய்ப் பல் போட வேண்டாம், சிக்கு வாடை வந்துவிடும். பாகை மட்டும் வழக்கத்தைவிட ஒரு கொதி முன்னாலேயே இறக்கிவிடுங்கள். மைனஸ் 18-ல் பல் உடையாமல் இருக்கும்.

– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்